முன், பின் டேஷ்கேமை ஃபியூஸ் பாக்ஸில் இணைப்பது எப்படி: முதல் முறை செய்பவருக்கு

காரின் முன், பின் கண்ணாடிகளில் ஒட்டிச் சாலையைப் பதிவு செய்யும் கேமராதான் டேஷ்கேம். அதைப் பொருத்தும் வேலையை முதலில் நான் கடையில் கொடுத்துத்தான் செய்தேன். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. வயர் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை, எனக்கும் பரம திருப்தி. மூன்றாம் நாள் காலை ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான் வந்தது. பேட்டரி செத்துக் கிடந்தது. ஜம்ப் கேபிள் போட்டுக் கிளப்பினேன். அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை. கடைசியில் நானே ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து பார்த்தேன். எப்போதும் கரண்ட் இருக்க வேண்டிய வயரையும், வண்டி ஓடும்போது மட்டும் கரண்ட் வர வேண்டிய வயரையும் ஒன்றாக முறுக்கி ஒரே ஃபியூஸில் செருகி வைத்திருந்தார்கள். வண்டி நின்றதே கேமராவுக்குத் தெரியவில்லை. இரவெல்லாம் முழுத் தரத்தில் இருட்டைப் பதிவு செய்துகொண்டிருந்திருக்கிறது.

அதையெல்லாம் அவிழ்த்து நானே மறுபடி போட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம். இந்த வேலையில் எல்லோரும் பயப்படுவது பிளாஸ்டிக்கைக் கழற்றி வயரை மறைப்பதற்குத்தான். அது பொறுமை இருந்தால் யாருக்கும் வந்துவிடும். உண்மையான வேலை, சரியான இரண்டு ஃபியூஸ்களைக் கண்டுபிடிப்பது. அதற்கே பாதி நேரத்தை ஒதுக்குங்கள். முதல் முறை செய்பவருக்கு அளந்து பார்க்க இரண்டு மணி நேரம், முன் வயருக்கு ஒரு மணி, பின் வயருக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி ஆகும். சாயங்காலம் தொடங்காதீர்கள். பாதி பிரித்த வண்டியில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

1. முதலில் காகிதங்கள்

வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவலில் ஃபியூஸ் பற்றிய பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் இரண்டு ஃபியூஸ் பாக்ஸ் இருக்கும்: ஒன்று பானெட்டுக்குள், இன்னொன்று டேஷ்போர்டுக்குக் கீழோ, கிளவ் பாக்ஸுக்குப் பின்னாலோ, டேஷ்போர்டின் ஓரத்தில் கதவைத் திறந்தால் தெரியும் மூடிக்குள்ளோ. நமக்கு வேண்டியது உள்ளே இருப்பது.

அடுத்து வாரண்டி புத்தகம். வயரை வெட்டி ஒட்டினால் மின்சாரப் பகுதிக்கு வாரண்டி மறுக்கப்படலாம் என்று பல நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கின்றன. இங்கே சொல்லும் முறையில் எந்த வயரையும் வெட்டப் போவதில்லை. எப்போது வேண்டுமானாலும் உருவி எடுத்துவிட்டுப் பழைய ஃபியூஸைப் பழையபடி போட்டுவிடலாம். இன்சூரன்ஸ் பாலிசியிலும், பின்னால் பொருத்திய கருவிகளைத் தெரிவிக்க வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தில் இரண்டு விஷயங்களை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: முன் கண்ணாடியில் எந்தப் பகுதியில் பொருள் ஒட்டலாம், வண்டிக்குள் பேசுவதைப் பதிவு செய்யலாமா. இரண்டாவதில் சந்தேகம் இருந்தால் மைக்கை அணைத்து வையுங்கள்.

2. வாங்க வேண்டியவை, செலவு செய்ய வேண்டிய இடம்

கேமராவை ஃபியூஸ் பாக்ஸோடு இணைக்கும் வயர்களும் ஒரு சின்னப் பெட்டியும் சேர்ந்ததுதான் ஹார்ட்வயர் கிட். அதைக் கேமரா நிறுவனத்திடமிருந்தே வாங்குங்கள். வண்டியின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைப்பதும், பேட்டரி இறங்கும்போது இணைப்பைத் துண்டிப்பதும் அந்தச் சின்னப் பெட்டிதான். விலை குறைவு என்று வேறு கிட் வாங்கினால் பிளக் சேரும், கேமராவும் ஓடும், ஆனால் பார்க்கிங் மோட், அதாவது நிறுத்திய வண்டியைக் காவல் காக்கும் பதிவு முறை, வராமல் போகலாம். வண்டி நின்றுவிட்டது என்ற தகவலைக் கேமராவுக்குச் சொல்லும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது.

மெமரி கார்டிலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஓயாமல் எழுதி அழிக்கும் வேலைக்கென்றே செய்த ஹை எண்டூரன்ஸ் கார்டு வாங்குங்கள். முன்னும் பின்னும் சேர்ந்து நொடிக்கு 40 மெகாபிட் பதிவானால் மணிக்கு 18 ஜிபி ஆகும். 128 ஜிபி கார்டு ஏழு மணி நேரத்தில் நிரம்பி, பழையதை அழிக்கத் தொடங்கிவிடும். கேமரா எவ்வளவு பெரிய கார்டை ஏற்கும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேமராவையே இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், உள்ளே லித்தியம் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் கண்ணாடிக்குப் பின்னால் லித்தியம் பேட்டரி உப்பிப்போகும்.

மல்டிமீட்டர் இருப்பதிலேயே மலிவானது போதும். பிளாஸ்டிக் நெம்புகோல்கள் ஒரு செட், ஃபியூஸ் பிடுங்கி, 10 மி.மீ. சாக்கெட், துணி நாடா, ஸ்பிரிட் துடைப்பான், டார்ச். ஃபியூஸ் பிடுங்கி பெரும்பாலும் ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உட்புறத்திலேயே செருகியிருக்கும்.

இரண்டு பிக்கிபேக் ஹோல்டர் வேண்டும். ஏற்கெனவே உள்ள ஃபியூஸின் இடத்தில் செருகி, பழைய ஃபியூஸையும் புதிய ஃபியூஸையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் சின்ன ஹோல்டர் இது. இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஃபியூஸில் சாதாரணம், மினி, லோ புரொஃபைல் மினி, மைக்ரோ 2 என்று பல அளவுகள் உண்டு. மினியும் லோ புரொஃபைல் மினியும் மேலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். கால் நீளம்தான் வேறு. மைக்ரோ 3 என்பதற்கு மூன்று கால். அதன் பக்கம் போகாதீர்கள். வண்டியிலிருந்து ஒரு ஃபியூஸை உருவி அதன் உருவத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஹோல்டர் வாங்க வேண்டும். நான் ஊகத்தில் வாங்கி, முதல் ஞாயிற்றுக்கிழமை அதனாலேயே வீணாயிற்று.

பின் கேமரா வயரின் நீளத்தையும் முன்கூட்டியே பாருங்கள். ஒரு நூலை எடுத்து, முன் கேமரா வரும் இடத்திலிருந்து கூரை ஓரமாகப் பின் கண்ணாடி வரை வளைத்து வைத்து அளக்கலாம். பல கேமராக்களோடு 6 மீட்டர் வயர்தான் வருகிறது. நீளமான வண்டிகளுக்கு அது போதாது.

3. மூன்று வயர், மூன்று வேலை

கிட்டிலிருந்து மூன்று வயர்கள் வரும். பி பிளஸ் என்பது எப்போதும் கரண்ட் உள்ள ஃபியூஸுக்கு. ஏ.சி.சி என்பது வண்டியை ஆன் செய்தால் மட்டும் கரண்ட் வரும் ஃபியூஸுக்கு. ஜி.என்.டி என்பது எர்த், அதாவது கரண்ட் திரும்பிப் போக வண்டியின் உலோக உடம்பில் இணைக்கும் வயர்.

கேமராவுக்குச் சாப்பாடு பி பிளஸிலிருந்து வருகிறது. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்ற செய்தி ஏ.சி.சி-யிலிருந்து வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் கோளாறுகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். இரண்டும் எப்போதும் கரண்ட் உள்ள இடத்தில் இருந்தால் என் கதைதான்: பார்க்கிங் மோட் வரவே வராது, பேட்டரி காலி. இரண்டும் ஏ.சி.சி-யில் இருந்தால் வண்டியை அணைத்ததும் கேமராவும் அணைந்துவிடும். பேட்டரிக்குக் கெடுதல் இல்லை. பார்க்கிங் பதிவே வேண்டாம் என்பவர்கள் வேண்டுமென்றேகூட அப்படி இணைக்கலாம்.

வயரின் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் சிவப்பு இன்னொரு நிறுவனத்தில் மஞ்சள். வயரின் முனையில் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டைப் படியுங்கள். அந்தச் சீட்டு கிழிவதற்குள் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. ஃபியூஸைத் தேடுவது

மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையை வண்டி உடம்பில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வையுங்கள். ஃபியூஸின் தலையில் இரண்டு ஓரத்திலும் பொட்டு அளவு உலோகம் தெரியும். சிவப்பு முனையை அதில் தொடுங்கள். ஃபியூஸை உருவ வேண்டியதே இல்லை.

கை வைக்கவே கூடாதவை: ஏர்பேக், ஏ.பி.எஸ், ஸ்டீயரிங், எஞ்சின் கம்ப்யூட்டர், எரிபொருள் பம்ப். மேனுவல் படத்தில் இவற்றை முதலில் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுங்கள். மீதி உள்ளதில் பி பிளஸுக்கு ஹசார்டு விளக்கு, கதவுப் பூட்டு, உள்விளக்கு, ஏ.சி.சி-க்கு ரேடியோ, பின் வைப்பர், 12 வோல்ட் சாக்கெட். ஹோல்டரின் மேல் எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்று எழுதியிருக்கும். அதற்கு மேற்பட்ட ஃபியூஸின் இடத்தில் அதைச் செருகாதீர்கள். நான் 10 ஆம்பியருக்கு உட்பட்டவற்றிலேயே தேடினேன். சிவப்பு நிறம் 10, பழுப்பு 7.5, நீலம் 15, மஞ்சள் 20 ஆம்பியர்.

பெயரைப் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது. சில வண்டிகளில் 12 வோல்ட் சாக்கெட்டில் எப்போதும் கரண்ட் இருக்கும். சிலவற்றில் ரேடியோ ஃபியூஸ் வண்டியை அணைத்த பிறகும் கதவைத் திறக்கும் வரை உயிரோடு இருக்கும். உள்விளக்கு ஃபியூஸ் இன்னும் மோசம். எப்போதும் கரண்ட் உள்ளது போலவே காட்டும். வண்டியைப் பூட்டிப் பத்து, இருபது நிமிடம் கழித்து, பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக வண்டியின் கம்ப்யூட்டர் அதை அணைத்துவிடும். பூட்டாமல், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அளந்தவருக்கு இது தெரியவே தெரியாது. கேமராவும் முதல் கால் மணி நேரம் அழகாகக் காவல் காத்துவிட்டு, பிறகு பேசாமல் தூங்கிவிடும்.

அதனால் வண்டி தூங்கிய பிறகு அளக்க வேண்டும். கதவு திறந்திருக்கும்போதே வண்டியைத் தூங்க வைக்க ஒரு வழி உண்டு. கதவின் ஓரத்தில் உள்ள பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முறை க்ளிக் என்று கேட்கும் வரை தள்ளுங்கள். கதவு மூடிவிட்டது என்று வண்டி நினைத்துக்கொள்ளும். சாவியால் பூட்டுங்கள், சாவியைத் தூரமாகக் கொண்டுபோய் வையுங்கள், அரை மணி நேரம் காத்திருங்கள், பிறகு அளங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: முடிந்ததும் சாவியால் திறந்து, கதவின் கைப்பிடியை இழுத்து அந்த நாக்கை விடுவித்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். மறந்து சாத்தினால் பூட்டும் போகும், கதவின் விளிம்பும் போகும். இது பயமாக இருந்தால் மீட்டரை ஃபியூஸோடு இணைத்து டேஷ்போர்டின் மேல் வைத்துவிட்டு, பூட்டி, வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். நான் அப்படித்தான் தொடங்கினேன். இருபதாவது நிமிடத்தில் எண் மறைந்தது; ஃபியூஸ் தூங்கிவிட்டது என்று மகிழ்ந்தேன். பார்த்தால் மீட்டர்தான் பேட்டரி மிச்சம் பிடிக்கத் தானே அணைந்திருந்தது.

மூன்று நிலையிலும் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பூட்டி அரை மணி கழித்து, ஏ.சி.சி நிலையில் (எஞ்சின் ஓடாமல் ரேடியோ போன்றவை மட்டும் வேலை செய்யும் நிலை), எஞ்சின் ஓடும்போது. மூன்றிலும் 12-க்கு மேல் காட்டுவது பி பிளஸ். முதலில் பூஜ்யம், மற்ற இரண்டில் 12-க்கு மேல் காட்டுவது ஏ.சி.சி. எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்டினால் திகைக்க வேண்டாம். அது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஆல்டர்னேட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்வது.

5. பிக்கிபேக் ஹோல்டரைச் செருகுவது

வண்டியை அணைத்து, சாவியை வெளியே எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஹோல்டரில் கால்களுக்குப் பக்கத்தில் உள்ள கீழ் அறையில் பழைய ஃபியூஸ், மேல் அறையில் கேமராவுக்கான புதிய ஃபியூஸ். இரண்டு கேமராவும் சேர்ந்து 12 வோல்ட்டில் ஒரு ஆம்பியர்கூட இழுக்காது. 2 அல்லது 3 ஆம்பியர் தாராளம். கிட்டோடு வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே போடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஃபியூஸ் பாதுகாப்பது கேமராவை அல்ல, அந்த மெல்லிய வயரை.

ஹோல்டரை எந்தப் பக்கம் திருப்பிச் செருகுவது என்பதில் எனக்கு ஒரு மணி நேரம் போயிற்று. எப்படிச் செருகினாலும் கேமரா ஓடும். அதனால்தான் தவறு வெளியே தெரிவதில்லை. தலைகீழாகச் செருகினால் கேமராவின் கரண்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். பழைய ஃபியூஸுக்குச் சுமை கூடும். அது போனால் கேமராவும் போகும். சரிபார்க்க எளிய வழி: கீழ் அறையைக் காலியாக விட்டு, மேல் அறையில் மட்டும் ஃபியூஸ் போட்டுச் செருகுங்கள். ஏ.சி.சி ஹோல்டர் என்றால் ஏ.சி.சி-யை ஆன் செய்யுங்கள். ஹோல்டரின் வயரில் 12 வோல்ட் வந்தால் திசை சரி. வரவில்லை என்றால் உருவித் திருப்பிப் போடுங்கள். அதன் பிறகு பழைய ஃபியூஸைக் கீழ் அறையில் வையுங்கள்.

வயரை ஹோல்டரின் முனையில் வைத்துக் கிரிம்ப் செய்ததும் (இடுக்கியால் நசுக்கிப் பிடிக்க வைத்ததும்) நன்றாக ஒரு இழு இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வரட்டும். ஹோல்டர் உயரமாக இருப்பதால் ஃபியூஸ் பாக்ஸ் மூடி சேராமல் போகலாம். வாங்கும்போதே அந்த இடைவெளியை மனதில் வையுங்கள்.

6. எர்த்

ஃபியூஸ் பாக்ஸுக்குப் பக்கத்தில், உலோக உடம்பில் நேராக முறுக்கிய போல்ட் ஒன்றைத் தேடுங்கள். கொஞ்சம் தளர்த்தி, வயர் முனையில் உள்ள வளையத்தையோ கவையையோ அதற்கடியில் வைத்து இறுக்குங்கள். பெயிண்ட் பூசிய போல்ட்டும், பிளாஸ்டிக்கில் முறுக்கிய ஸ்க்ரூவும் எர்த் ஆகாது. சோதிக்க, மீட்டரின் சிவப்பு முனையைக் கரண்ட் உள்ள ஃபியூஸிலும் கறுப்பு முனையை அந்தப் போல்ட்டிலும் வையுங்கள். பேட்டரியில் அளந்த அதே அளவு காட்ட வேண்டும். சீட் பெல்ட், ஸ்டீயரிங், ஏர்பேக் சம்பந்தப்பட்ட போல்ட்டைத் தொடாதீர்கள்.

பானெட்டுக்குள் போய் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே எர்த் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். சிக்னலில் நின்றால் எஞ்சின் தானே அணைந்து கிளம்பும் ஸ்டார்ட் ஸ்டாப் வசதி உள்ள வண்டிகளில் அந்த முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்து பேட்டரியின் வரவு செலவைக் கணக்கிடுகிறது. நேராக முனையில் கொடுத்தால் கேமராவின் செலவு அதன் கணக்கில் வராது. வண்டியின் உடம்பில் கொடுப்பதே சரி. ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிற வயர் எங்கே தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். அது உயர் மின்னழுத்தம்.

7. மறைப்பதற்கு முன் ஓட்டிப் பாருங்கள்

இப்போது எல்லா வயரும் தோரணம் போலத் தொங்கிக்கொண்டிருக்கும். அப்படியே இருக்கட்டும். இரண்டு கேமராவையும் இணைத்து, கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்து, வண்டியை ஆன் செய்யுங்கள். பதிவு தொடங்க வேண்டும். அணையுங்கள். சில நொடிகளில் பார்க்கிங் மோட் என்று கேமரா சொல்ல வேண்டும், அல்லது விளக்கின் நிறம் மாற வேண்டும். கேமரா அடியோடு அணைந்தால் பி பிளஸும் ஏ.சி.சி-யும் இடம் மாறியிருக்கலாம், அல்லது மெனுவில் பார்க்கிங் மோடை இன்னும் ஆன் செய்திருக்க மாட்டீர்கள். பின்னதுதான் அதிகம் நடக்கிறது. பூட்டிவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து வந்து, இன்னும் விழித்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையில் தேறாமல் ஒரு கிளிப்பைக்கூடக் கழற்றாதீர்கள்.

8. கேமரா ஒட்டும் இடம்

முன் கேமரா, உள்கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுநர் இருக்கைக்கு எதிர்ப்பக்கமாக. வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் இருக்க வேண்டும்; இல்லையென்றால் மழையில் ஒன்றும் தெரியாது. வண்டியின் சொந்தக் கேமராவோ மழை சென்சாரோ அங்கே இருந்தால் அவற்றின் பார்வையை மறைக்காதீர்கள். கண்ணாடி மேல் விளிம்பில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும் பகுதியில் ஒட்டினால் பசை சரியாகப் பிடிக்காது.

ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கண்ணாடி குளிர்ந்திருந்தால் முதலில் ஹீட்டரைப் போட்டுச் சூடாக்குங்கள். இந்த வகைப் பசை முழுப் பிடிப்புக்கு வர ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், முடிந்தால் பிடிமானத்தை மட்டும் முதல் நாளே ஒட்டிவிட்டு, கேமராவை மறுநாள் மாட்டுங்கள்.

பின் கேமராவை ஒட்டும்போது பின் கண்ணாடியில் உள்ள ஹீட்டர் கோடுகளின் மேல் ஒட்டாதீர்கள். என்றாவது பிய்க்கும்போது கோடும் சேர்ந்து வந்துவிடும். பின் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் இருந்தால் இரவுப் படம் மங்கலாகத்தான் இருக்கும். கேமராவைத் திட்டிப் பயனில்லை.

9. முன் வயரும் ஏர்பேக்கும்

கேமராவிலிருந்து கூரைத் துணியின் விளிம்புக்குள் வயரை விரலாலேயே தள்ளிக்கொண்டு போகலாம். சிக்கல், முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள தூணில். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது கூரை ஓரத்தில் சுருட்டி வைக்கப்பட்டு, இந்தத் தூணின் பிளாஸ்டிக்குக்குள் இறங்கியிருக்கும். விபத்தின்போது அது அந்த பிளாஸ்டிக்கைத் தள்ளிக்கொண்டு விரியும். நம் வயர் அதன் முன்னால் குறுக்கே போனால், விரிவதைத் தடுக்கலாம், அல்லது வயரே சாட்டை போல வீசப்படலாம். கதவின் ரப்பர் பீடிங்கை விலக்கி, தூணின் பிளாஸ்டிக்கைக் கழற்றி, ஏர்பேக்குக்குப் பின்னால், நிறுவனமே போட்டிருக்கும் வயர்க்கட்டோடு சேர்த்து, துணி நாடாவால் கட்டிக் கீழே இறக்குங்கள். பிளாஸ்டிக் பட்டையைவிடத் துணி நாடா நல்லது. ஓடும்போது கடகடவென்று சத்தம் வராது.

தூணின் பிளாஸ்டிக்கைக் கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். சில வண்டிகளில் கிளிப்பில் ஒரு வார் இருக்கும். விபத்தில் பிளாஸ்டிக் பறந்து முகத்தில் அடிக்காமல் அது பிடித்துக்கொள்ளும். அந்த வகைக் கிளிப்பை ஒரு முறை கழற்றினால் புதிது போட வேண்டும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. தூணுக்கு உள்ளவற்றை உதிரிபாகக் கடையில் முன்பே வாங்கி வையுங்கள். ஏர்பேக் கனெக்டர் எதையும் பிடுங்க வேண்டிய தேவை இந்த வேலையில் இல்லை. தவறிப் பிடுங்கியிருந்தால் திரும்ப மாட்டாமல் இக்னிஷனை ஆன் செய்யாதீர்கள்; எச்சரிக்கை விளக்கு எரிந்து, சர்வீஸில்தான் அணைக்க முடியும்.

குளிரில் பிளாஸ்டிக் கிளிப் பட்டென்று உடையும். வண்டி கொஞ்சம் வெயிலில் நின்ற பிறகு தொடங்குங்கள்.

10. பின் வயர்

கூரை ஓரமாகக் கதவுகளுக்கு மேல் பின்னால் கொண்டுபோவது பத்து நிமிட வேலை. இங்கேயும் விளிம்பிலேயே நிற்கட்டும். ஆழமாகத் தள்ளி ஏர்பேக்கின் மேல் போட வேண்டாம். டிக்கி தனியாக உள்ள வண்டியில் பின் கண்ணாடி நிலையானது என்பதால் அதோடு வேலை முடிந்தது.

கண்ணாடியோடு சேர்ந்து திறக்கும் பின்கதவு என்றால்தான் பாடு. கூரைக்கும் பின்கதவுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். வயர் அதற்குள்தான் போக வேண்டும். சோம்பலில் முதலில் கதவிடுக்கு வழியாக வெளியே விட்டேன். மூன்றே வாரத்தில் வயரின் தோல் தேய்ந்து, மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கியது.

குழாயின் இரண்டு முனையையும் நெம்பிக் கழற்றுங்கள். உள்ளே சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். எண்ணெய், கிரீஸ் வேண்டாம், ரப்பர் கெடும். முதலில் ஒரு விறைப்பான கம்பியை விட்டு, மறுமுனையில் வந்ததும் கேமரா வயரின் மெலிந்த பிளக்கை அதோடு நாடாவால் வழவழவென்று சுற்றி, ஒருவர் தள்ள ஒருவர் இழுக்க வேண்டும். தனியாகச் செய்தால் இந்த இடத்தில்தான் பொறுமை போகும். எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. பின்கதவை முழுவதும் திறந்தாலும் வயர் இறுகாத அளவுக்குத் தளர்வு விட்டு, பத்து முறை திறந்து மூடிப் பார்த்த பிறகு குழாயை மாட்டுங்கள். அதன் விளிம்பு சுற்றிலும் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மழை உள்ளே வரும்.

மிச்ச வயரைச் சுருட்டிப் பின்பக்கம் ஒளிக்கும்போது ரேடியோ ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். எஃப்.எம்மில் புதிதாக இரைச்சல் கேட்டால் காரணம் பெரும்பாலும் இந்தச் சுருள்தான். கொஞ்சம் தள்ளி வைத்தாலோ, வயரில் ஒரு ஃபெரைட் வளையம் மாட்டினாலோ குறையும்.

11. கட் ஆஃப் அளவும் பேட்டரிக் கணக்கும்

கிட்டிலோ கேமரா மெனுவிலோ 11.8, 12.0, 12.2, 12.4 என்று சில வோல்ட் அளவுகள் இருக்கும். பேட்டரி அந்த அளவுக்கு இறங்கியதும் கேமரா துண்டிக்கப்படும். ஓய்வில் இருக்கும் சாதாரண லெட் ஆசிட் பேட்டரி 12.6-க்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். 11.8-இல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. என் வண்டியில் கடைக்காரர் வைத்திருந்தது 11.8. கேமராவைக் கடைசி வரை ஓட வைத்துவிட்டு, வண்டியைக் கைவிடும் அளவு அது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பார்க்கிங் மோடில் இரண்டு கேமராவும் 4 வாட் எடுத்தால், 12 வோல்ட்டில் 0.33 ஆம்பியர். ஒரு நாளைக்கு 8 ஆம்பியர்-மணி (Ah). நின்றுகொண்டிருக்கும் வண்டியே தன் பங்குக்கு ஒன்று எடுக்கும். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி 30. அதாவது மூன்று நாளுக்குச் சற்று மேல். அதுவும் புது பேட்டரி, முழு சார்ஜ் என்றால். மூன்று வருடம் ஓடிய பேட்டரி, தினமும் பத்து நிமிட ஓட்டம் என்றால் ஒன்றரை நாளே பெரிது.

நான் 12.2-இல் வைத்து, மெனுவில் உள்ள டைமரில் 12 மணி நேரத்தில் அணையும்படியும் வைத்திருக்கிறேன். குளிர் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கும் பேட்டரி பழையதாகிவிட்டவர்களுக்கும் 12.4 நல்லது. ஆனால் சில புதிய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் பேட்டரியை முழுவதும் நிரப்பாமலே விட்டுவைக்கும். அவற்றில் 12.4 வைத்தால் நிறுத்திய கொஞ்ச நேரத்திலேயே கேமரா அணைந்துவிடும். கிட் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வாரக்கணக்கில் வெளியூர் போவதானால் பார்க்கிங் மோடை அணைத்துவிட்டுப் போவதே மேல்.

12. முதல் வாரம்

தினமும் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேட்டரியில் வோல்ட்டை அளந்து எழுதுங்கள். நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனால் டைமரைக் குறையுங்கள். ஒரு நாள் கார்டை எடுத்துக் கணினியில் போட்டுப் பாருங்கள்: பின் படம் தலைகீழாக இருக்கிறதா, தேதியும் நேரமும் சரியா, இரவில் முன் வண்டியின் எண் தெரிகிறதா. தேதி தவறான பதிவைச் சாட்சியாகக் காட்டினால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவையும் படித்துவிட்டுக் கடையிலேயே கொடுக்கலாம் என்று தோன்றினால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் வேலை தொடங்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த இரண்டு ஃபியூஸில் இணைப்பீர்கள்? வண்டி தூங்கிய பிறகு அளப்பீர்களா? தூணில் வயர் ஏர்பேக்குக்கு முன்னாலா பின்னாலா? கட் ஆஃப் எத்தனையில் வைப்பீர்கள்? முதல் கேள்விக்கு “அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் சார்” என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள். மலிவான கடைக்கு நான் கொடுத்த கூலியும், அடிக்கடி அடியோடு காலியானதால் சீக்கிரமே மாற்ற வேண்டி வந்த பேட்டரியின் விலையும் சேர்ந்தால், நல்ல கடையில் இரண்டு முறை செய்திருக்கலாம்.

எப்படிச் செய்தாலும், எந்த எண் ஃபியூஸில் பி பிளஸ், எதில் ஏ.சி.சி, அங்கே முதலில் இருந்த ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அடுத்த சர்வீஸில் மெக்கானிக் அந்த மூடியைத் திறக்கும்போது அது வேண்டியிருக்கும்.